வெல்டர் போட்ட கரை

என் அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் கால் வீக்கம் வடிந்ததா? வயிற்றுக்குள் இருப்பவர் இன்னும் உதைக்கிறாரா?

பிள்ளைக்கு நீலமும் மஞ்சளுமாகக் கோடுபோட்டு, குரோஷா ஊசியால் போர்வை பின்னியிருக்கிறேன். "வெல்டருக்கு வந்த வேலையப் பாரு!" என்று அறையில் என்னோடு தங்கியிருக்கும் கிரேன்காரன் சிரித்தான். "இதுவும் வெல்டிங்தான்டா, முகமூடிதான் தேவையில்ல" என்றேன்.

வரிசைக்கு ஒரு கண்ணி விட்டுப்போய், ஒரு பக்கம் சரிந்துவிட்டது. பிரிக்கச் சொன்னான். மாட்டேன். சரிந்த பக்கம் மட்டும் வெள்ளைக் கரையை அகலமாகப் போட்டு நேராக்கிவிட்டேன். இடைவெளியை அடைப்பதுதானே என் பிழைப்பு!

பிரசவத்துக்கு ஊருக்கு வர லீவு இல்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். இருக்கட்டும். போர்வையைப் பார்சலில் அனுப்புகிறேன். கடையில் உன் அண்ணன் வாங்கிய போர்வையை மடித்து வை. பிள்ளை மேல் முதலில் படுவது என் கையாகத்தான் இருக்க வேண்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் வெல்டர்