உங்கள் கையை உடைத்த கோவணம்

அக்கா, உங்கள் கையை உடைத்தவன் நேற்று மத்தியானம் கடைக்கு வந்தான். உல்லன் கோவணம் ஒன்று வேண்டும் என்று கேட்டான். நான் அவனை அடித்தேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிட்டேன். இழுத்துப் பேசினால் உங்களுக்கு ஆகாது. "யோவ் யாவாரி, விசயத்துக்கு வாய்யா" என்று முழங்காலில் பின்னல் ஊசியால் தட்டுவீர்கள்.

அவன் வந்தபோது கடை முழுக்கப் பாச்சை உருண்டை வாசம். போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து நீங்கள் போனபிறகு, உங்கள் நூல் மூட்டையை நான் தொடவே இல்லை. நேற்றுத்தான் பிரித்துத் தரையில் கொட்டினேன். அந்த வாசத்துக்கு நடுவில், சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்தலாம் என்று ஷட்டர் இழுக்கும் கொக்கிக் கம்பியைக் கையில் எடுத்தேன். வாசலில் அவன்.

வில்லாபுரத்தில் நான் உல்லன் நூல் விற்றது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கைவேலை வகுப்புக்காகவும், நிலைவாசல் தோரணத்துக்காகவும்தான். மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்த நீங்கள் ஒருநாள் வந்து, "இந்த வெயில்ல கம்பளி நூல் விக்கிறியே, உனக்கென்ன கிறுக்கா?" என்று கேட்டுவிட்டு, பை நிறைய வாங்கிக்கொண்டு போனீர்கள். அடுத்த வாரம் எதையோ விரித்துக் காட்டினீர்கள். உங்கள் தலைமையாசிரியர் ஓய்வு பெறுகிறார், அவருடைய தொப்பைக்கு உறை. தொப்புளுக்கு ஒரு ஓட்டை, அதற்கு மூடி, மூடிக்குப் பித்தான். கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வியாபாரம்தான் தெரிந்தது.

நம் பக்கத்துக் கல்யாண மேடையில் மாப்பிள்ளையின் சேக்காளிகள் ஜிகினாத் தாளில் சுற்றிப் பால் புட்டியும் விளக்குமாறும் கொடுத்து மானத்தை வாங்குகிற வழக்கம் இருக்கிறதே, அதற்கு நாம் சரக்குச் செய்தால் என்ன என்று கேட்டேன். புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து மாட்டிக்கொள்ள இரண்டு தலைக்கு ஒரே குல்லா, மீசை முளைக்காத மச்சானுக்குக் காதில் மாட்டுகிற மீசை, குறட்டை விடுகிற மாமனாருக்கு மூக்கு உறை. ஆபீஸ் வேலை முடிந்து ஓய்வு பெற்றதும் நீங்கள் கடைப் பின்கட்டிலேயே உட்கார்ந்து பின்னினீர்கள். சோழவந்தானிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. "சிரிப்பு கொஞ்சம் வலிக்கணும்யா. வலிக்காத கிண்டலை எவன் காசு குடுத்து வாங்குவான்?" என்பீர்கள்.

வலித்தது.

பேரையூர்ப் பக்கத்திலிருந்து வந்த நாலு பையன்கள் மாப்பிள்ளைக்குக் கோவணம் கேட்டார்கள். "கலரு எதுன்னாலும் சரிக்கா, நல்லா அகலமா இருக்கணும்." நான் சரக்கெடுக்கக் கோயம்புத்தூர் போயிருந்தேன். மிச்சம் கிடந்த இரண்டு நூல்கண்டுகளை எடுத்து நீங்கள் பட்டை பட்டையாகப் பின்னிவிட்டீர்கள். நம் ஊரில் இரண்டு நிறத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்குமுன், அது யாருடைய கொடி என்று பார்க்க வேண்டும். பேனர் அடிக்கிறவன் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். பள்ளிக்கூட ஆபீசிலேயே காலம் கழித்த உங்களுக்கு நூல் நூலாகத்தான் தெரிந்தது. அவை என்ன நிறங்கள் என்று இப்போதும் எழுத மாட்டேன். எழுதினால் இன்னொரு தடவை கடை உடையும்.

மாப்பிள்ளை அதைப் பட்டு வேட்டிக்கு மேலே கட்டிக்கொண்டு மேடையில் ஆடினான். சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்கப் போன்களில் ஓடியது. சங்கத்துக் கொடியைக் கோவணமாக்கிவிட்டார்கள் என்று மறுநாள் காலை ஆறு பேர் வந்தார்கள்.

ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். முதல் அடி வாயில். பல் உடைந்து நாக்கில் கிடந்தது. கண்ணாடி அலமாரியைக் கவிழ்த்தார்கள். குல்லாய்களும் மீசைகளும் சாக்கடைக்குப் போயின. ஒருவன் என் கழுத்தில் மிதித்துக்கொண்டு கேட்டான்.

"இதப் பின்னுனது எவன்டா?"

"கோயம்புத்தூர்ல வாங்குன சரக்கு."

பின்கட்டிலிருந்து நீங்கள் வந்தீர்கள். கையில் ஊசி. "அவன் பொய் சொல்றான். நாந்தான் பின்னுனேன். இப்ப என்னங்கிற?"

உங்கள் வயதுக்காவது ஒதுங்குவான் என்று நினைத்தேன். முடியைப் பிடித்தான். நீங்கள் ஊசியை அவன் முன்கையில் இறக்கினீர்கள். ரத்தம் என் முகத்தில் தெறித்தது. அவன் உங்கள் வலது கையை இழுத்து மேசை மேல் அழுத்திவைத்து, கிரிக்கெட் மட்டையால் அடித்தான். சத்தம் பெரிதாக இல்லை. முறுக்கைக் கடித்த மாதிரிதான் இருந்தது. நீங்கள் அழவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒரு கோமணத்துக்கு இம்புட்டு ரோசமாடா? கட்டிப் பாத்துட்டு வந்து அடிடா" என்றீர்கள். மறுபடியும் அடித்தான். மூன்று விரல்கள் போயின.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் எல்லாக் கடையும் சாத்தியிருந்ததாக எல்லோரும் போலீசில் சொன்னார்கள். எனக்கு டீ கொடுக்க வந்தவன்கூட எதையும் பார்க்கவில்லை. வழக்கு அத்தோடு நீர்த்துப்போனது.

மாவுக்கட்டைப் பிரித்ததும் கடைக்கு வந்தீர்கள். விரல்கள் மடங்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "யாவாரி, உன் வலது கையக் கொண்டா" என்றீர்கள். மூட்டை தூக்கிக் காய்த்த கை அது. இடது ஊசி உங்களிடம், வலது ஊசி என்னிடம். ஒரே கோவணத்தை இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பின்னினோம். நான் பின்னல் கண்ணியை நழுவவிட்டபோதெல்லாம் செருப்புக் காலால் மிதித்தீர்கள். "உன் கையி விறகு வெட்டத்தான்யா லாயக்கு. என் விரல உடைச்சதுக்குப் பதிலா ஒன்னோடத உடைச்சிருக்கலாம் அந்த நாயி."

எதையும் பார்க்காத அதே தெருவில் யாரோ எடுத்த, முகம் தெரியாத அடிதடி வீடியோவைப் பார்த்துத்தான் ஆர்டர் குவிந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை. "விளம்பரம் நல்லா வலிச்சிருச்சுய்யா" என்று சொல்லிச் சிரித்ததும் நீங்கள்தான். ஆனால் ஒருநாள், சிரிக்காமல் கேட்டீர்கள்.

"அவன் திரும்பி வந்தான்னா என்ன செய்வ?"

"மண்டையப் பொளப்பேன்க்கா."

"பொளந்துட்டு?"

நான் நழுவவிட்ட கண்ணியைத் தேடினேன். நீங்களும் விடை சொல்லித் தரவில்லை.

நேற்று வந்தவன் கொஞ்சம் பருத்திருந்தான். காதோரம் நரை. முன்கையில் ஊசி இறங்கிய தழும்பு. "அண்ணே, மச்சினனுக்கு ஞாயித்துக்கிழமை கல்யாணம். ஒரு உல்லன் கோமணம் வேணும்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். கம்பியை ஓங்கினேன். மண்டைக்கு வைத்த குறி தப்பி இடது தோளில் விழுந்தது. எலும்புக்குள் ஏதோ விட்டுப்போனது கம்பி வழியாக என் கைக்குத் தெரிந்தது. உங்கள் நூல்கண்டுகளுக்கு நடுவில் குப்புற விழுந்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது அக்கா. பொய் சொல்ல மாட்டேன். பசிக்குச் சோறு கிடைத்த மாதிரி இருந்தது.

அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. "இன்னொண்ணும் அடிங்கண்ணே" என்றான். பிறகு கேட்டான்.

"அந்தம்மா இருக்காகளா?"

"செத்துட்டாக."

"எப்பண்ணே?"

"உனக்கெதுக்குடா அது?"

இரண்டாவது தடவை ஓங்கினேன். இந்தத் தடவை குறி தப்பாது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இவன் இதுவரை விலை கேட்கவில்லை. தலையில் கூடை சுமந்து தெருத்தெருவாக விற்ற நாளிலிருந்து பார்க்கிறேன், விலை கேட்காமல் நிற்கிறவன் எவனும் சரக்குக்கு வந்தவன் இல்லை. இவன் உங்களைப் பார்க்க வந்திருக்கிறான். கோவணம் அதற்கொரு சாக்கு.

அதற்காக நான் இளகிவிடவில்லை. நீங்கள் போகும்போது எனக்கு விட்டுப்போனது பின்னல் மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். உங்கள் வன்மமும் என்னிடம்தான் இருக்கிறது என்று நேற்றுத் தெரிந்துகொண்டேன். மண்டையைப் பிளந்தால் அவனுக்கு ஒரு நொடி வலிக்கும். அது போதாது. சிரிப்பாகவும் இருக்க வேண்டும், வலிக்கவும் வேண்டும். கம்பியைச் சுவரில் சாத்தினேன்.

"எந்திரிடா. ஞாயித்துக்கிழமை கல்யாணம்னா பின்னுறதுக்கு ஆள் வேணும்."

"உங்க ஆளுக யாரையாச்சும் விட்டுப் பின்னச் சொல்லுங்கண்ணே. நான் வந்து வாங்கிக்கிறேன்."

"ஆளே நீதான்டா."

தோளைப் பிடித்துக்கொண்டு உங்கள் ஸ்டூலைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். பேரம் பேசவில்லை.

பேசி முடித்தது இதுதான் அக்கா. விலை வழக்கமான விலை, தள்ளுபடி கிடையாது, பணம் முழுவதும் முன்னாலேயே. தோள்பட்டைக்குக் கட்டுப் போடுகிற செலவு அவனுடையது, போலீசுக்குப் போகக் கூடாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை தினமும் நான் கடை திறக்கும்போது வாசலில் நிற்க வேண்டும். ஸ்டூலில் தெருவைப் பார்த்து உட்கார வேண்டும், கேட்கிறவர்களுக்கெல்லாம் என்ன பின்னுகிறான் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு கண்ணி நழுவினாலும் மொத்தத்தையும் பிரித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். இடது ஊசி என்னிடம், வலது ஊசி அவனிடம்.