துரையின் கழுத்தில் ஒரு காகிதப் பட்டை

மார்ச் 3, ஞாயிறு

காலையில் எங்கள் பூனைக் குழுவோடு போய் நாலு பூனைகள் பிடித்தோம். கூண்டுக்குள் மீனை வைத்துவிட்டு வேனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றோம். பார்க்கிறவர்கள் எங்களைத் திருட வந்த கூட்டம் என்றுதான் நினைப்பார்கள். நாலையும் கருத்தடைக்கு டாக்டரம்மாவிடம் சேர்த்தாயிற்று.

பிடிப்பதற்கு ஒரு வாரம் முன்பே கழுத்தில் காகிதப் பட்டை கட்டிவிடுவோம். ‘இது உங்கள் பூனையா? கூப்பிடுங்கள்’ என்று எழுதி, கீழே என் நம்பர். யாரும் கூப்பிடாவிட்டால்தான் அது தெருப் பூனை. இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மூலைச் சுவரோரம் வைத்த சாப்பாட்டுத் தட்டுகளை மறுபடியும் காணோம். ஹாரன் வேலைதான். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் பேசினால் தெருமுனையில் கேட்கும், அதனால் அந்தப் பெயர். “இன்னொரு தட்டு வெச்சீங்க, அதையும் தூக்கிக் குப்பையில போடுவேன்” என்று போன வாரமே கத்தினார். குழுவை நடத்தும் மேனேஜரம்மா, “கல் நெஞ்சுக்காரன்” என்றார். நானும் தலையாட்டினேன்.

மார்ச் 5, செவ்வாய்

என் பூனை துரைக்குச் சர்க்கரை வந்து இரண்டாவது மாதம். லேபில் நாள் முழுக்க மனிதர்களைக் குத்தி ரத்தம் எடுக்கிறேன், ஒரு தயக்கமும் இல்லை. இவனுக்கு ஊசி போட மட்டும் மூன்று முறை சாமியைக் கும்பிட வேண்டியிருக்கிறது. அவனோ திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. துரை அல்லவா! ஊசி முடிந்ததும் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவான்.

அளந்து சாப்பாடு, அளந்து மருந்து. பிறகு ஏன் தள்ளாடுகிறான்?

மார்ச் 9, சனி

இன்றும் தள்ளாட்டம். ஒன்றும் புரியவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

துரை சமையலறையில சுருண்டு விழுந்துட்டான். கால் இழுக்குது, கண்ணு எங்கேயோ நிக்குது — எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. என் வீட்டுக்காரர்தான் துண்டில் சுற்றித் தூக்கினார். குழுவின் வேன்காரர் எப்படித்தான் அவ்வளவு சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்தாரோ!

டாக்டரம்மா குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார். “சர்க்கரை அடியோட இறங்கிடுச்சு. தெரியாம மருந்தை ரெண்டு தடவை போட்டுட்டீங்களா?” என்று கேட்டார். என்னைப் பார்த்தா அந்தக் கேள்வி! “நான் லேப்ல வேலை பார்க்கிறவ டாக்டர்” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நாள் ஊசியே வேண்டாம் என்றார்.

திரும்பி வரும்போது வேன்காரர், “கோச்சுக்காதீங்கம்மா. நம்ம பட்டையை நம்ம துரைக்கே கட்டிப் பார்த்தா என்ன?” என்றார்.

என் பூனைக்கா? மூன்று வருடமாக என் தலையணையில் படுக்கிற பூனைக்கா?

“கட்டித்தான் பாரேன். ஐயாவுக்கு எங்கேயாவது சின்ன வீடு இருந்தாலும் இருக்கும்” என்றார் இவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 14, வியாழன்

வீட்டிலேயே அடைத்து வைத்திருந்தேன். இன்று காலை பட்டையைக் கட்டி வெளியே விட்டேன். மதியத்துக்குள் போன் வந்துவிட்டது. ஒரு பெரியவரின் கையில் ரத்தம் எடுக்க ரப்பர் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

“யாரும்மா அது, என் மாப்பிள்ளை கழுத்துல நோட்டீஸ் கட்டி விட்டது?”

ஹாரன்! லேப் முழுக்கக் கேட்டது. “உங்க மாப்பிள்ளைக்கு என்னம்மா ஆச்சு?” என்று பெரியவர் பதறுகிறார்.

“அது என் பூனை சார்” என்றேன்.

“ஆறு வருஷமா என் வீட்டுல சாப்பிடுது, உன் பூனையா?”

ஆறா? என்னிடம் வந்து மூன்றுதானே. அப்போ சின்ன வீடு நான்தானா!

அவர் விடவில்லை. “அதுக்குச் சர்க்கரைம்மா. தினம் காலையில நான்தான் ஊசி போடறேன். கூட்டமா வந்து தெருவுல தட்டு தட்டா வெச்சு, கண்டதையும் தின்ன வெச்சு அதைக் கொல்லப் பார்க்கறீங்க.”

அவர் ஒரு ஊசி, நான் ஒரு ஊசி. நானும் ஊசி போடுவதையும் அவன் விழுந்ததையும் மெதுவாகச் சொன்னேன். அந்தக் குரல் அப்படியே அடங்கிவிட்டது. “மாப்பிள்ளையைக் காணோமேன்னு தெருத் தெருவா அலைஞ்சேன்மா. நான் போட்டதும் சேர்ந்துதான் விழுந்துச்சா?” என்று கேட்டார்.

மார்ச் 15, வெள்ளி

யார் மேல் கோபப்படுவது? தட்டை எறிந்தவர் பூனைக்காகத்தான் எறிந்திருக்கிறார். தட்டு வைத்த நாங்கள்? நாங்களும் பூனைக்காகத்தான். ஊருக்கெல்லாம் பட்டை கட்டினேன், என் வீட்டுப் பூனைக்குக் கட்ட ஏன் தோன்றவில்லை? தலை சுற்றுகிறது. அந்த ராஸ்கல் இரண்டு இடத்திலும் அப்பாவி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தின்றிருக்கிறான்.

மார்ச் 17, ஞாயிறு

டாக்டரம்மா என்னையும் ஹாரனையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். இனி ஒரே வீடு, ஒரே கை, வெளியே விடக் கூடாது. இன்னொரு முறை இப்படி விழுந்தால் பிழைக்காது. முடிவு செய்யும்வரை துரை ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும் என்றார்.

வளர்க்கக் கேட்பவர்களுக்குப் பூனை தருவதற்கு முன் அவர்கள் வீட்டைப் போய்ப் பார்ப்பது எங்கள் குழுவின் வழக்கம். பார்க்கிறவள் எப்போதும் நான். “இதையும் நீங்களே பாருங்க” என்றார் மேனேஜரம்மா. பார்க்கிறேன். நாலு குறை கண்டுபிடிக்காமல் வரப்போவதில்லை.

மார்ச் 18, திங்கள்

ஹாரன் எல்லா ஜன்னலுக்கும் வலை அடித்திருக்கிறார். குளியலறை ஜன்னல் மட்டும் திறந்து கிடக்கிறது. குறையைப் பிடித்துவிட்டேன். “ஆம்பளைப் புள்ள, வெளியே போய் வரட்டும்னு விட்டேன். நாளைக்கே அடைச்சிடறேன்” என்றார். பிரிட்ஜ் கதவில் இரண்டு மருந்து டப்பா. ஒன்று அவருக்கு, ஒன்று பூனைக்கு. அவருக்கும் சர்க்கரையாம். “எனக்குப் போட்டுக்கிட்டுத்தான் அதுக்குப் போடுவேன். அப்போதான் நம்பும்.”

ஏன் மாப்பிள்ளை என்று பெயர் என்றேன்.

“சாப்பாட்டு நேரத்துக்கு வரும். நல்ல இடமாப் பார்த்துப் படுக்கும். ஒரு வார்த்தை பேசாமக் கிளம்பிடும். வேற என்ன பேரு வைக்கிறது?”

சிரித்துத் தொலைத்துவிட்டேன். குறை கண்டுபிடிக்கப் போன இடத்தில் எதற்கடி சிரித்தாய்?

பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன். “நான்தான். எங்கே போறேன்?” என்றவர், “உங்க வீட்டுல?” என்றார்.

யாருமில்லை. காலையில் இவரும் நானும் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவோம். போன மாதம் இதே பதிலைச் சொன்ன ஒரு தம்பதிக்குப் பூனை கிடையாது என்று நான்தான் சொன்னேன்.

மார்ச் 20, புதன்

தர மாட்டேன். முடியாது. அவன் என் துரை. என் கழுத்தோரம் மூக்கை வெச்சுக்கிட்டுத் தூங்குவான், அது அந்த மனுஷனுக்குத் தெரியுமா? ஆறு வருஷம்னா? வருஷக் கணக்குதான் பாசமா?

ஆனா நான் லேப்ல இருக்கும்போது அவன் விழுந்தா?

“எந்த முடிவு எடுத்தாலும் சரி. ஆனா லேப்ல உக்காந்து அழாதே. வர்றவங்க தங்களுக்குத்தான் ஏதோ பெரிய வியாதின்னு பயந்துடுவாங்க” என்கிறார் இவர்.

மார்ச் 24, ஞாயிறு

கொடுத்துவிட்டேன்.

சரியா தப்பா, தெரியவில்லை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. எப்போதும் பார்ப்பதில்லைதான். இருந்தாலும்.

ஏப்ரல் 7, ஞாயிறு

வாராவாரம் போய் அவன் காதில் லேசாகக் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பது என் வேலை. குத்துகிறவளை அவன் எதிரி என்று நினைத்துவிடுவானோ? இன்று கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதேன்.

தட்டுச் சண்டை முடிந்தது. ஹாரன் தட்டுகளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பூனைகள் தின்று முடித்ததும் தட்டைக் கழுவி எடுத்து வைக்கிறார். மேனேஜரம்மா அவரை இப்போது ‘தங்கமான மனுஷன்’ என்கிறார்.

மே 5, ஞாயிறு

இன்றும் பூனை பிடிக்கப் போனோம். இந்த வாரம்தான் குழுவில் சேர்ந்த தையல்காரம்மா, “உங்க வீட்டுல எத்தனை பூனை அக்கா?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லைங்க” என்றேன். இப்போது அப்படிச் சொல்ல வந்துவிட்டது.

கூண்டை இறக்கும்போது போன். பக்கத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

“எங்கேம்மா இருக்க? காலையிலேர்ந்து ஜன்னல் வலைகிட்டயே உக்காந்து தெருவைப் பார்த்துட்டிருக்கு. மாப்பிள்ளை, மாப்பிள்ளைன்னு தொண்டை கிழியக் கூப்பிட்டேன், அசையலை. சரின்னு ‘துரை’ன்னு கூப்பிட்டேன். சட்டுனு திரும்பி என் பின்னாடி உன்னைத் தேடுதும்மா.”

“இதோ வந்துட்டேண்ணே” என்றேன்.

வேன்காரர் கூண்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் நடந்தேன்.