அப்புனு கேட்ட ஒரு வாய்

ஏப்ரல் 21, திங்கள்

அப்புனு, இன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லையாம். உன் அப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஏம்புள்ள, உப்பு டப்பா எங்க இருக்குதுன்னு மறந்துட்டயா?" என்றார். நான் ருசி பார்த்துத்தான் இறக்கினேன். எனக்குச் சரியாகத்தான் இருந்தது. நீ போனதிலிருந்து இப்படித்தான். நாக்கு எங்கேயோ போய்விட்டது.

இது உன்னுடைய நோட்டு. முன்பக்கமெல்லாம் உன் இங்கிலீஷ். நான் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. தப்பு இருந்தால் சிரிக்காதே.

ஏப்ரல் 24, வியாழன்

நீ கடைசியாக எழுதிய பக்கத்தைப் போனில் படம் எடுத்து ஹம்சாவுக்கு அனுப்பினேன். உன்னோடு ஓட்டலில் ஒயின் பரிமாறிய பெண்ணை விட்டால் அதைப் படித்துச் சொல்ல எனக்கு யார் இருக்கிறார்கள்? ஜனவரியில் அவளைக் கோவாவுக்கு மாற்றிவிட்டார்கள். சாயங்காலம் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, இது அந்த மால்பெக் ஒயின் பத்தி எழுதினது. அவன் லாக்கர்லேர்ந்து எடுத்து நான் உங்ககிட்ட குடுத்தேனே, அந்த பாட்டில்."

"என்ன எழுதியிருக்கான், படி கண்ணு."

"கலர், நாவல்பழம். வாசனை, ஆலுபுகாரா பழம், கொஞ்சம் கோக்கோ, கொஞ்சம் பூ. துவர்ப்பு ஜாஸ்தி. அதனால கொழுப்பு இருக்கற சாப்பாடு வேணும், காரம் கூடாதுன்னு போட்டிருக்கான்."

"அப்பறம்?"

"அப்பறம், 'இதோட சேர வேண்டியது, அம்மா செய்யற'ன்னு எழுதி ஒரு கோடு போட்டிருக்கான். கோட்டுல ஒண்ணும் எழுதல, ஆன்ட்டி."

ஒன்றும் எழுதவில்லை. எப்படி எழுதுவாய்? ஓட்டலில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுச் சமையலில் ஒன்றை ஒரு ஒயினோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றாய். "ஒரே ஒரு வாய் வெச்சுப் பாரும்மா. உன்ற நாக்கு போதும் எனக்கு" என்று கேட்டாய். சாராயத்தை என் வாயில் வைக்கச் சொல்கிறாயா என்று கத்தினேன். என் அப்பா குடித்தே செத்தவர். உனக்கும் அது தெரியும். தெரிந்தும் மூன்று தடவை கேட்டாய்.

உன் திதி டிசம்பர் ஆறாம் தேதி வருகிறது. அன்றைக்கு அந்தப் பாட்டிலைத் திறந்து உனக்குப் படைத்துவிட்டு, நானும் ஒரு வாய் குடிப்பேன். அந்தக் கோட்டில் என்ன எழுதுவது என்று கண்டுபிடிப்பேன். இனி உனக்கு நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

மே 13, செவ்வாய்

உன் அப்பாவோடு சண்டை. பாட்டிலுக்கு மல்லிகைச் சரம் சுற்றியதற்கு.

"விளக்குப் பக்கத்துல சீசாவ வெச்சதே தப்பு. இப்ப பூ வேறயா? என்ற மாமனாருக்குக்கூட நீ இத்தன மரியாத பண்ணல."

"அவன் வெச்சுட்டுப் போனதுங்க."

"வெச்சுட்டுப் போனான். வேற என்னத்த வெச்சுட்டுப் போனான்?" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். படிக்கட்டில் இறங்கிய சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். முதல் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் ஹம்சா அதை என் கையில் கொடுத்தாள். இந்த வீட்டில் உன் படத்துக்கு முன்னால் இருப்பதைவிடப் பத்திரமான இடம் எது? டிசம்பரிலிருந்து அங்கேதான் நிற்கிறது. பக்கத்தில் காமாட்சி விளக்கு. அது இதுவரை அணைந்ததில்லை.

மே 14

காலையில் எழுந்து பார்க்கிறேன், விளக்குக்கு எண்ணெய் அவரே ஊற்றிக்கொண்டிருந்தார். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஜூன் 11, புதன்

டெல்லிச் சூடு தாங்கவில்லை. மதியம் முழுக்க கரண்ட் இல்லை. மொட்டை மாடிக்குக் கீழ் வீடு. இந்தத் துவாரகா வீட்டுக்கு வந்தபோது, சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் மாதிரி இருட்டாக இருக்காது, நல்ல வெளிச்சம் என்று சந்தோஷப்பட்டோமே, அந்த வெளிச்சம்தான் இப்போது சுவரைக் காய்ச்சுகிறது. ஈரத் துணியால் உன் படத்தைத் துடைத்தேன். பாட்டிலையும் துடைத்தேன். தொட்டால் சுடச்சுட இருந்தது.

அப்போதுதான் பார்த்தேன். வாயில் சுற்றியிருக்கிற தகரத்தாள் கொஞ்சம் மேலே எழும்பியிருந்தது. அதன் கீழே கழுத்தில் ஒரு சொட்டு. கறுஞ்சிவப்பாக, ஒட்டுகிற மாதிரி.

யாரும் திறக்கவில்லை. தகரத்தாளை யாரும் தொடவில்லை. பின்னே எப்படி வெளியே வரும்?

வந்தியா? குடிச்சுப் பாத்தியாடா கண்ணு?

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். உற்றுப் பார்த்தார். சிரிக்கவில்லை, திட்டவில்லை. "இருக்கும்" என்றார். ஏழு மாதத்தில் இன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது.

ஜூலை 6, ஞாயிறு

சாலையோரம் ஜாமுன், நம்ம நாவல்பழம்தான், வந்துவிட்டது. நாவல்பழ நிறம் என்று எழுதியிருக்கிறாயே என்று கால் கிலோ வாங்கினேன். உப்புத் தூவித் தின்றேன். கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன், ஊதா. நிறம் ஒட்டியிருக்கிறது. ருசி ஒட்டவில்லை. துவர்ப்பு மட்டும் கொஞ்சம் தெரிந்தது. செத்த நாக்கை வைத்துக்கொண்டு டிசம்பரில் உனக்கு என்னத்தைச் சொல்லப் போகிறேன்?

ஒருநாள் சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னாய். அந்தத் திராட்சைக் கொடிகளுக்கு நூறு வயது, அர்ஜென்டினா என்று ஒரு தேசம், மலையடிவாரம். "கொடிக்கு வயசாக வயசாகக் காய் கம்மியா காய்க்கும்மா. காய்க்கற ஒண்ணொண்ணுலயும் எல்லாம் எறங்கியிருக்கும்." நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். வயசானால் காய்க்காததை வெட்டிப் போட வேண்டியதுதானே என்றேன். நீ சிரித்தாய். நானும் ஒன்றே ஒன்று காய்த்தவள்தான் அப்புனு.

செப்டம்பர் 2, செவ்வாய்

மழை. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தோம்.

நவம்பர் 17, திங்கள்

இங்கிலீஷ் தேதிப்படி நீ போய் ஒரு வருடம். போன வருடம் மாதிரியே புகை. எதிர் வீட்டு பால்கனி தெரியவில்லை. விடிகாலையில் வேலை முடிந்து பைக்கில் வந்த உனக்கு, நிறுத்தியிருந்த லாரி எப்படிக் கண்ணில் படும்? ஒன்பது நிமிடம் இருந்தால் வீடு. அவர் அந்த ரோட்டில் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார், ஒன்பது நிமிடம்.

நவம்பர் 30, ஞாயிறு

என்ன செய்வது என்று முடிவு பண்ணிவிட்டேன். மூன்று வைக்கிறேன். நெஞ்சுக்கறி, கொழுப்போடு, சின்ன வெங்காயம் நிறையப் போட்டு, மிளகாய் கிள்ளி இரண்டே இரண்டு. கொள்ளு கடைந்தது. கத்திரிக்காயைச் சுட்டு, எள்ளு வறுத்து அரைத்துப் போட்டது. மூன்றும் உனக்குப் பிடித்தவை. இந்த மூன்றில் ஒன்று கோட்டில் வர வேண்டும்.

ஹம்சா லீவு போட்டு வருகிறாள். பிளைட் ஏழாம் தேதிதானாம். "எனக்கு ஒரு கிளாஸ் மட்டும் வெச்சிருங்க ஆன்ட்டி, அடுத்த நாளும் நல்லா இருக்கும்" என்றாள். நல்ல பெண். உன்னைப் பற்றிப் பேசும்போது இருந்தான் என்று சொல்ல மாட்டாள். இருக்கான் என்றுதான் வரும், பிறகு திருத்திக்கொள்வாள்.

டிசம்பர் 6, சனி

அவரே ஐ.என்.ஏ. மார்க்கெட் போய்க் கறியும் வாழை இலையும் வாங்கி வந்தார். நான் நாலு மணிக்கே குளித்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன்.

திறக்கிற சாமான் உன் யூனிபார்ம் பெட்டியில் இருந்தது. மடக்குக் கத்தி மாதிரி, உள்ளே சுருள் கம்பி. நாற்பது வருடம் பம்பு ரிப்பேர் பார்த்த கை, பார்த்ததும் புரிந்துகொண்டது. "தக்கை பாதி வெளியவே நிக்குது புள்ள" என்றார். ஒரு இழுப்பில் வந்துவிட்டது.

இலையில் மூன்றையும் வைத்தோம். கண்ணாடி டம்ளரில் ஊற்றி வைத்தோம். சூடம் காட்டினோம். அவர் "சாப்படு சாமி" என்றார்.

பிறகு நான் எடுத்தேன். அறுபத்தொரு வயதில் முதல் வாய்.

நீ எழுதி வைத்தது எதுவும் இல்லை அப்புனு. நாவல்பழ நிறம் எங்கே? செங்கல் கரைத்த மாதிரி ஓரத்தில் பழுப்பு. பூ வாசனை இல்லை. பழ வாசனையும் இல்லை. கச்சாயத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சும்போது கொஞ்சம் அசந்தால் அடிப்பிடித்து ஒரு வாசம் வருமே, அது. அதற்குப் பின்னால் ஒரு புளிப்பு, நாள்பட்ட காடி மாதிரி. கொள்ளோடு குடித்தேன், மண் வாசம் மட்டும் தூக்கிக்கொண்டு வந்தது. கத்திரிக்காயோடு குடித்தேன், கசந்தது. கறியோடு பரவாயில்லை. கொழுப்பு நாக்கில் படிந்து மற்றதை மூடிவிட்டது. சேர்ந்ததா அது, மூடினதா?

மூன்று தடவை சுற்றிச் சுற்றிக் குடித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்புடி இருக்குது?"

"தெரியலீங்க."

நூறு வயதுக் கொடி. உலகத்திலேயே நல்லது என்று நீ கொண்டாடினது. எனக்கு அடிப்பிடித்த பாகாகத் தெரிகிறது. நாக்குதான் செத்துப்போச்சு. செத்தே போச்சு. மகன் கேட்டப்ப இருந்த நாக்க வெச்சுக்கிட்டு வீம்பு பண்ணுனேன், இப்ப இல்லாத நாக்க வெச்சுக்கிட்டு என்ன பண்றது—

டிசம்பர் 7, ஞாயிறு

ஹம்சா வந்தாள். வாசலில் என்னைக் கட்டிக்கொண்டாள். மெலிந்துவிட்டாள்.

டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். முதலில் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு மூக்கை உள்ளே விட்டாள். அப்படியே நின்றாள். அதற்குப் பிறகுதான் ஒரு வாய் குடித்தாள்.

"நல்லா இருக்கு ஆன்ட்டி."

"என்னயப் பாத்துச் சொல்லு கண்ணு."

அவள் பார்த்தது என்னை இல்லை, எனக்குப் பின்னால் உன் படத்தை. விளக்கு. அதன் பக்கத்தில் சுவரை ஒட்டி வட்டமாகப் பதிந்திருக்கிற பாட்டில் தடம். மேற்குப் பக்க ஜன்னல்.

"பாட்டில் இங்கயா இருந்தது?"

"ஆமா. நீ குடுத்த நாள்லேருந்து."

"சம்மர் பூராவும்?"

"ஆமா கண்ணு. தெனமும் பூ வெச்சேன்."

நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அழுகையோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஒயினை இருட்டில், ஜில்லென்று, படுக்க வைத்து வைக்க வேண்டுமாம். சூடு பட்டால் உள்ளேயே வெந்துவிடுமாம். தக்கையைத் தள்ளிக்கொண்டு கசியுமாம். "பத்திரமான்னு மட்டும் சொன்னேன். மேரீ கல்தி, என் தப்பு ஆன்ட்டி. நான் சொல்லியிருக்கணும்."

அப்படியானால் அந்தச் சொட்டு.

நான் ஒன்று மட்டும் கேட்டேன். "எனக்கு அடிப்பிடிச்ச பாகு மாதிரி இருந்துச்சு. பின்னால காடி மாதிரி. அது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எக்ஸாக்ட்லி அதேதான். ஓட்டல்ல பாதிப் பேருக்கு இது தெரியாது. உங்க நாக்குக்கு ஒண்ணும் ஆகல ஆன்ட்டி. அவன் சொல்லிட்டே இருப்பான், எங்கம்மா நாக்கு மாதிரி வராதுன்னு."

அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். செத்தே போயிருக்கலாம் அந்த நாக்கு.

"ரெண்டு வேளையும் நாந்தான் எண்ணெ ஊத்துனேன்" என்றார் உன் அப்பா. "அணையக் கூடாதுன்னு திரிய தூண்டித் தூண்டி விட்டேன்."

வேறு பாட்டில் வாங்கி வருகிறேன் என்றாள் ஹம்சா. இதே ருசி இருக்குமா என்று கேட்டேன். பொய் சொல்லத் தெரியாத பெண். ஒவ்வொரு வருடத்து ஒயினும் வேறு வேறாம். இந்தப் பாட்டில் வருடத்து ஒயினில், அர்ஜென்டினாவிலிருந்து ஓட்டலுக்கு வந்த அந்தத் திராட்சைத் தோட்டத்துப் பெரியவர் கையில் கொண்டுவந்தது சில பாட்டில்கள்தானாம். நிறையக் கேள்வி கேட்டான் என்று உனக்கு மட்டும் ஒன்று கொடுத்துவிட்டுப் போனாராம்.

போகும்போது, கோட்டில் என்ன எழுதட்டும் என்று பேனாவை எடுத்தாள். நெஞ்சுக்கறி என்று சொல்லியிருக்கலாம். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

டிசம்பர் 9

மிச்சத்தைக் கொட்டிவிடலாமா என்று அவர் கேட்டார். கூடாது என்றேன்.

டிசம்பர் 12, வெள்ளி

இன்றைக்குத் தீர்ந்தது. ஐந்து நாளாக மதியச் சோற்றோடு ஆளுக்கு ஒரு வாய். அவர் முகம் சுளிப்பார், ஆனால் டம்ளரை நீட்டாமல் இருந்ததில்லை. என் அப்பா இதைப் பார்த்தால் என்ன சொல்வாரோ. ரசம் சாதத்தோடு குடித்தோம், தயிர்ச் சாதத்தோடு குடித்தோம். எதனோடும் சேரவில்லை. இன்றைக்கு அடியில் மண்டி மட்டும் இருந்தது. அதையும் நானே குடித்தேன்.

இன்றைக்குக் குழம்பில் உப்பு சரியாக இருந்ததாம்.

ஏன் கொட்ட விடவில்லை என்று அவர் கேட்கவில்லை. உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது அது. இத்தனை மாதம் இந்த நோட்டில்கூட எழுத முடியவில்லை. மூன்றாவது தடவை நீ வாயால் மட்டும் கேட்கவில்லை. ஓட்டலில் அந்தப் பெரியவர் இதே ஒயினை ஊற்றிக் கொடுத்ததில் இரண்டு வாய் மிச்சம் பிடித்து, காய்ச்சல் மருந்துச் சீசாவைச் சுடுதண்ணீரில் கழுவி, அதில் கொண்டு வந்தாய். சட்டைப் பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தாய். நான் உன் எதிரிலேயே பாத்திரம் கழுவுகிற தொட்டியில் ஊற்றினேன். சீசாவை என் கையிலிருந்து வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாய்.

அது வேகாத ஒயின். நல்ல ஒயின். தொட்டியில் போனபோது ஒரு வாசனை வந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புனு, அன்னிக்கு அது எப்புடிடா இருந்துச்சு?