என் ரத்தமே எனக்கு மருந்து

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மஸ்கட்டில் வீடு பார்த்துவிட்டு நீங்கள் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டீர்கள். போனில் சொல்ல வாய் வரவில்லை.

சின்னவள் பிறந்ததிலிருந்து இருமினால், சிரித்தால் எனக்கு மூத்திரம் கசிந்து சேலை நனைந்துவிடும். தொழுகைக்கு நடுவிலும் எழுந்துபோய் மறுபடி கைகால் கழுவி ஒளுச் செய்வேன்.

உங்கள் தங்கை யாஸ்மின்தான் கண்டுபிடித்தாள். "தேனியில ஒரு டாக்டரம்மா நல்லாப் பாக்குறாக, வாங்க மைனி" என்று கூட்டிப்போனாள். முதலில் கொடுத்த பயிற்சிகள் போதவில்லை. பிறகு என் கையிலிருந்தே ரத்தம் எடுத்து ஒரு மிஷினில் சுற்றவிட்டார்கள். பயத்தைவிட எனக்கு அதைப் பார்க்கும் ஆசைதான் அதிகம். குழாயை எடுத்தபோது சிவப்பு அடியில் தங்கி, மேலே இளமஞ்சளாகத் தெளிந்து நின்றது. அதைத்தான் மூத்திரம் வரும் வழியை ஒட்டி ஊசியாகப் போட்டார்கள்.

"என் ரத்தத்துக்குள்ள இம்புட்டு மஞ்சளா இருக்கு?" என்றேன். டாக்டரம்மா சிரித்தார்.

"குணமாயிருமா?"

"சில பேருக்குக் கேக்குதும்மா, சில பேருக்குக் கேக்கல. இன்னும் ஆராய்ச்சிலதான் இருக்கு."

எனக்குப் பாதி கேட்டிருக்கிறது. இருமினால் இப்போது நனைவதில்லை. நேற்று கம்பத்தில் ஒரு கல்யாணத்தில் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். வாய்விட்டுச் சிரித்தால்தான் இன்னும் சந்தேகம்.

டிக்கெட் போடுங்கள். சீட் மட்டும் பாத்ரூம் பக்கமாக இருக்கட்டும். அங்கே வந்ததும் என்னைச் சிரிக்க வைத்துப் பாருங்கள். எவ்வளவு தாங்குகிறேன் என்று எனக்கும் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி