பாக்கியம் என்று கூப்பிடச் சொன்னவளுக்கு

பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் நாளைக்கு ஏலக்காய் எடுக்க மலையேறுகிறார்கள். அட்டை கடிக்காமலிருக்கப் புகையிலையை ஊறப்போட்டு, சுண்ணாம்பைக் கரைத்து, காலில் பூசிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காரமான வாடை சுவரைத் தாண்டி வந்தது. உலை கொதித்துக்கொண்டிருந்தது. நான் கழுவிய அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். நீ போய் ஐந்து வருஷமாகிறது. உன் கால்களுக்கு அந்தத் தண்ணீரைப் பூசிவிட்டது என் கைதான்.

மிஷன் பள்ளியில் மூன்று வகுப்புப் படித்த எழுத்தில் இதை எழுதுகிறேன். நீ இருந்தபோதும் உனக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் எழுதாமலிருக்க முடியவில்லை.

முதலில் நீ எனக்கு மச்சான். என் தாய்மாமன் மகன். போடிமெட்டிலிருந்து ஏலக்காய் மூட்டைகளைப் பொதிமாடுகளில் ஏற்றிப் போடிக்கு இறக்கிக் கொண்டுவருகிறவர். உன்னை "நீங்க" என்றுதான் சொல்வேன். பேரைச் சொன்னதே இல்லை. புருஷன் பேரை எந்தப் பெண் சொன்னாள்? நாலு வருஷம் நன்றாகத்தான் வாழ்ந்தோம். குடிக்க மாட்டாய், கை நீட்ட மாட்டாய். என் தலையை நீயே சிக்கெடுத்துப் பின்னிவிடுவாய். தெருப் பெண்களுக்கு என்மேல் பொறாமை.

ஓர் ஆடி மாதம், காற்றில் மலைப்பாதை நெடுக மரம் விழுந்து கிடந்ததால் நீ வேலைக்குப் போகவில்லை. காய் தரம் பிரிக்கும் கொட்டகையிலிருந்து நான் அன்றைக்குச் சீக்கிரமே திரும்பிவிட்டேன். என் சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு நீ அடுப்பருகில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் பதறி எழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கூத்துக் கட்டப் போறீங்களா?" என்றேன்.

"இல்ல. வேட்டி கட்டிக்கிட்டுத் திரியிறதுதான் கூத்து. சின்னதுலருந்து ஆடிட்டேன். இனிமே முடியல காமாச்சி. நான் பொம்பள."

"அப்ப நான் யாரு? நாலு வருசமா யாரு கூடக் குடும்பம் நடத்துனேன்?"

"எங்கூடத்தான்."

கையிலிருந்த சொம்பை எறிந்தேன். உன் நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாய். அதுவும் என் சேலை.

எட்டு நாள் பேசாமல் இருந்தேன். ஒன்பதாம் நாள் நீ சேலையோடு தண்ணீருக்குப் போனாய். தெருக்காரர்கள் குடத்தைக் கல்லால் அடித்து உடைத்தார்கள். தேவாரத்திலிருந்து என் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். "கெளம்பு ஆத்தா. அத்து விட்டுருவோம். வேற எடம் பாக்குறேன்" என்றார். நீ வாசலில் நின்றாய். "இருன்னு சொல்ல எனக்கு வாயில்ல. போன்னு சொல்ல மனசில்ல" என்றாய். நான் வண்டியில் ஏறினேன். திரும்பிப் பார்க்கவில்லை. அதை இங்கே மறைக்கப் போவதில்லை.

தேவாரத்தில் மூன்று மாதம் இருந்தேன். அண்ணன் கம்பத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். இரண்டாந்தாரம், ஆனால் நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. துக்கம் இல்லை, கோபம். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டாயே என்ற கோபம். அதை உன் முகத்துக்கு நேரே கேட்காமல் இன்னொருவர் வீட்டுக்குப் போக முடியாது என்று தோன்றியது. நீ மேலே தோட்டத்தில் பெண்களோடு காய் எடுப்பதாகக் காதில் விழுந்தது. நிச்சயத்துக்குப் பூ வைப்பதற்கு இரண்டு நாள் இருக்கும்போது யாரிடமும் சொல்லாமல் குரங்கணிப் பாதையில் ஏறிவிட்டேன்.

ஏலச்செடியின் தூரில் குனிந்து காய் கிள்ளிக்கொண்டிருந்தாய். மீசை போயிருந்தது. குடுமி கொண்டையாகியிருந்தது. நான் கத்தி முடிக்கும்வரை நின்று கேட்டாய். பிறகு, "பேரு வச்சிருக்கேன். பாக்கியம். ஒரு தடவ கூப்புடுறியா?" என்றாய். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். "சரி, நீங்க வாங்கன்னாச்சும் சொல்லாத. ரெண்டு பொம்பளைக பேசிக்கிற மாதிரிப் பேசு."

கோபம் தீரும்வரை இருக்கலாம் என்று தங்கினேன். அக்கா தங்கை என்று சொல்லிக்கொண்டோம். "நீ" வந்துவிட்டது. பேர் மட்டும் வரவில்லை. "இந்தா", "இங்க பாரு" என்றே ஒரு மாதம் போயிற்று.

கார்த்திகை மழையில் ஒரு நாள் காயை எடை போட வரிசையில் நின்றோம். மூட்டை ஏற்ற வந்த மாட்டுக்காரர்களில் எங்கள் தெருக்காரன் ஒருவன் இருந்தான். உன்னை உற்றுப் பார்த்தவன், பாய்ந்து வந்து கொண்டையைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினான்.

"டேய், இது பொம்பள இல்லடா! எங்ககூட மாடு பத்துனவன்! அந்தா நிக்கிறாளே, அவ புருசன்!"

உன் கூடை கவிழ்ந்தது. நீ தடுமாறி விழுந்தாய். ஆண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் உன் முந்தானையில் கை வைத்தான். கங்காணி என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. இவன் ஒன் புருசந்தான?"

ஆமாம் என்று சொன்னால் உன்னை அடித்தே பள்ளத்தில் தள்ளியிருப்பார்கள். நான் ஏமாந்தவளாக, பாவப்பட்டவளாக ஊர் திரும்பியிருக்கலாம். ஒரு கணம் அதையும் நினைத்தேன், பாக்கியம். நீ என்னைப் பார்க்கவில்லை. சிதறிய காயையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் பார்வைகூட என்னைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நினைத்தாய் போலும்.

"பாக்கியம்" என்றேன். "பாக்கியம், எந்திரி. காயப் பொறுக்கு." பிறகு முந்தானையைப் பிடித்திருந்தவனுக்கு நேரே போய் நின்றேன். "கைய எடுறா. அவ எங்கூட இருக்கிறவ. இன்னொருக்கா தொட்டே, அருவா எடுத்துருவேன்."

அவன் முந்தானையை விட்டான். கங்காணி வானத்தைப் பார்த்தார். செடியில் காய் பழுத்து வெடிக்கும் நேரம். இரண்டு ஆளை இழக்க அவருக்கு மனமில்லை. "போங்கடா, வெரசா சோலியப் பாருங்க" என்றார். மறுநாள் எங்களைக் காட்டோரக் குடிசைக்குத் தள்ளினார். பாதிப் பெண்கள் எங்களோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நீயே சிரிப்பாய். எனக்கு மச்சானைத் தேடியது. நீ பக்கத்தில் இருக்கும்போதே தேடியது. சில வருஷம் கழித்து அண்ணன் கோபம் ஆறி, தன் மகள் கல்யாணத்துக்குச் சொல்லி அனுப்பினார். "ஒரே ஒரு நா வேட்டி கட்டிக்கிட்டு வா, எனக்காக" என்று கேட்டேன். மறுபேச்சில்லாமல் கட்டினாய். குரங்கணி வருவதற்குள் உன் நடை நின்றுவிட்டது. ஓடைப் பாறையில் உட்கார்ந்து, "நடந்துருவேன், கொஞ்சம் பொறு" என்றாய். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. நான் மூட்டையை அவிழ்த்து மாற்றுச் சேலையை உன் மடியில் போட்டேன். "கட்டு. வீட்டுக்குப் போவோம்." மச்சான் இனி வரமாட்டார் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என் முகத்தை நீ பார்க்காமலிருக்க முன்னால் நடந்தேன். அப்படிக் கேட்டதற்கு உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

ஜெர்மன் சண்டை முடிகிற சமயம் வந்த விஷக்காய்ச்சல் மலையையும் விடவில்லை. மூன்றே நாள். "சந்தோசமா இருந்தியா காமாச்சி?" என்று கேட்டாய்.

"பாதி நாளு" என்றேன்.

"அது போதும்" என்றாய். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் வேண்டாம் என்றுதானே நாம் அத்தனையும் பட்டோம்.

உன்னை நானே குளிப்பாட்டிச் சேலை கட்டிவிட்டேன். வேறு யாரையும் தொட விடவில்லை. அண்ணன் வந்து, "கட்டுனவன் செத்தாச்சு. தாலிய எறக்கு" என்றார். மலைப் பெண்களோ, "செத்தது பொம்பள. பெறகு எதுக்கு எறக்கணும்?" என்றார்கள். இரண்டு பக்கமும் என் கழுத்தையே பார்த்தார்கள். "இது என் கழுத்து" என்று மட்டும் சொன்னேன். கழற்றவில்லை.

பிறகு போடிக்கே இறங்கி வந்துவிட்டேன். இன்றைக்கும் இங்கே ஒரு விசேஷம் என்றால் என்னைக் கூப்பிடுவதா ஒதுக்குவதா என்று தெரியாமல் விழிக்கிறார்கள். நான் காத்திருப்பதில்லை. போன வாரம் ஒரு வளைகாப்பு. பூ வைத்து, பொட்டு வைத்து, தாலி வெளியே தெரியப் போனேன். ஒருத்தி வளையல் தட்டைப் பின்னால் இழுத்தாள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் அதைப் பார்த்துவிட்டுத் தானே என் பக்கம் கையை நீட்டினாள்.

"நீங்க போட்டு விடுங்க அத்தை."

போட்டுவிட்டேன்.