அப்பா கொடுத்த நற்சான்று

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, குளிரைத் தாங்கி நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் உன்னிடம் நான் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து நின்று வரிக்கு வரி திருத்துவார், அதனால் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். அவர் கடைக்குப் போயிருக்கிறார். உடம்புக்கு ஒன்றுமில்லை, என்ன, நேற்றிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

விஷயம் இதுதான். நீ வேலைக்கு விண்ணப்பித்து நேரிலும் போய்வந்த அந்தப் பெரிய மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து நேற்று காலை போன் வந்தது. முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிப்பார்கள், அது நம் கடைதானே என்று அப்பாவின் எண்ணைக் கொடுத்துவிட்டு, "முதலாளின்னு மட்டும் சொல்லுங்கப்பா, அப்பான்னு சொல்லிடாதீங்க" என்று நீ கெஞ்சினாய் அல்லவா, அன்றிலிருந்து அவர் முதலாளியாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். போனில் யாரும் பார்க்கப்போவதில்லை என்று சொல்லியும் தினமும் இஸ்திரி போட்ட சட்டைதான். இதில் உன் மாமா வேறு. வெளிநாட்டை வரைபடத்தில் பார்த்ததோடு சரி, அவன் வந்து உட்கார்ந்து, "அத்தான், ரொம்பப் புகழ்ந்தீங்கன்னா சொந்தக்காரர்னு மோப்பம் பிடிச்சிடுவாங்க, ரெண்டு குறை சொல்லுங்க, அப்பதான் நம்புவாங்க" என்று தூபம் போட்டுவிட்டுப் போனான். அப்பாவுக்குச் சொல்லவா வேண்டும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று ஊர் சிரித்துவிடுமே என்று பயந்தே உன்னை ஒரு நாளும் வாய்திறந்து மெச்சாதவர். நீ பள்ளியில் முதலாவதாக வந்தபோதுகூட "பரவாயில்லை" என்றவர்தானே.

நானும் போனில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன், பேசியவள் தன்மையான பெண். அவள் பேசியது ஆங்கிலம், அப்பா பேசியதும் ஆங்கிலம்தான், ஆனால் அது நம் கடை ஆங்கிலம், உனக்காகத் தமிழில் எழுதுகிறேன். உன் வேலை எப்படி என்று கேட்டாள். "சுமார்" என்றார். நான் கையில் கிள்ளினேன். லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துவாளா என்றதற்கு, "பொருத்துவா, ஆனா திருகாணியைக் கீழ போட்டுட்டு மொத்தக் கடையையும் குனிய வச்சிடுவா" என்றார். வருகிறவர்களிடம் எப்படி நடந்துகொள்வாள் என்றாள். "மூஞ்சிக்குப் பொருந்தாத பிரேமைப் பொருந்தலைன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிடுவா. அதுக்கப்புறம் அவங்க அவகிட்டதான் போவாங்க, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாங்க" என்றார், குறை சொல்கிற குரலிலேயே. நேரத்துக்கு வருவாளா என்று கேட்டாள். "காலையில மூணு தடவை எழுப்பணும். முதல் தடவை எழுப்பினா எரிஞ்சு விழுவா." எந்த ஊர் முதலாளி தன் கடைப் பெண்ணை எழுப்பிவிட்டு வேலைக்கு அழைத்துப் போகிறார் சொல்.

இந்த மாதம் முடிவதற்குள் வேலை கிடைக்காவிட்டால் விசா முடிந்து நீ பெட்டியைக் கட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா. போனைப் பிடுங்கி நானே பேசலாமா என்று பார்த்தேன், நீங்கள் யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்று கை நின்றுவிட்டது. அப்போதுதான் அவள் கேட்டாள், இந்தப் பெண் திரும்பி வந்தால் மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்வீர்களா என்று. அப்பா இஸ்திரி போட்ட சட்டைக் கையால் மேசையைத் துடைத்தார். பிறகு, "அவ நாற்காலியில இன்னும் யாரையும் உட்கார வைக்கலம்மா. ஆனா அனுப்பிடாதீங்க, அங்க இருக்கணும்னு அவளுக்கு ரொம்ப ஆசை" என்றார். உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றாள். "நேர்ல பார்த்தீங்களே, இளைச்சிருக்காளா?" என்றார்.

நீங்கள் அவளுடைய அப்பாவா என்று கேட்டுவிட்டாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு, திருட்டு முழி முழித்து என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "ஆமாம்மா. ஆனா மூணு வருஷம் நிஜமாவே முதலாளியாவும் இருந்தேன்" என்றார். அவள் சிரித்தது எனக்கும் நன்றாகக் கேட்டது. இளைத்த மாதிரி தெரியவில்லை, ஆனால் கையுறை இல்லாமல் வந்திருந்தாள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எடுக்கிறோம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எனக்கு அவள்மேல் கொஞ்சம் பொறாமைதான். நீயும் நானும் இத்தனை வருடம் இந்த மனிதரின் வாயிலிருந்து வாங்க முடியாத சொல்லை முன்பின் தெரியாத ஒருத்தி ஒரு போனில் வாங்கிவிட்டாள். இன்று காலை கடைக்குப் போய்ப் பார்த்தேன். உன் நாற்காலியில் ஆள்தான் இல்லையே தவிர காலி பிரேம் பெட்டிகள் மலை மாதிரி உட்கார்ந்திருந்தன, அதையெல்லாம் இறக்கித் துடைத்து வைத்திருக்கிறார். எதற்கு என்றேன். "சும்மா, தூசி" என்றார்.

அவர்கள் மறுபடி கூப்பிட்டால் எதையும் மறைக்காதே, உள்ளதைச் சொல். வேலை கிடைக்காமல் போனால் அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே, மாமாவைக் கோபித்துக்கொள், அவனுக்குப் பழக்கம்தான். கிடைத்தால் முதல் போன் அப்பாவுக்குப் போடு, அவர் "பரவாயில்லை" என்பார், அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போது உனக்குத் தெரியும். நீ நினைத்தது நடந்து, நின்ற இடத்தில் வேர் பிடித்து, நிறைவாக இருக்க வேண்டும். இன்றைக்கே கையுறை வாங்கு. அலாரம் மூன்றாக வைத்துக்கொள், அந்த விஷயம் இப்போது அவர்களுக்கும் தெரியும்.

இப்படிக்கு,
உன் பழைய முதலாளியின் மனைவி,
அம்மா