நட்சத்திரம் இல்லாத கல்யாணங்கள்

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. காலையிலிருந்தே காற்று. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போவதற்குள் கண் முழுக்க மண்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. அதனால் ஸ்டுடியோவில் வருஷாவருஷம் நடக்கிற வேலை: பழைய ஹார்ட் டிஸ்க்குகளை அழித்து ஆவணி முகூர்த்தங்களுக்குக் காலி செய்வது. எடிட்டிங் நான். அழிப்பதும் நானே.

முதலாளி அண்ணாச்சி நோட்டை நீட்டினார். வைக்க வேண்டியவற்றுக்குச் சிவப்பு மையில் நட்சத்திரம். மில் வீடு, ஜவுளிக்கடை வீடு, டாக்டர் வீடு. மற்றவை: 'காலனி 1', 'காலனி 2', 'லைன் வீடு'. ஆள் பெயர்கூட இல்லை. எங்கள் தெரு நான்கு இடத்தில் வருகிறது. நட்சத்திரம் ஒன்றுமில்லை.

"இதெல்லாம் ஏன் அண்ணாச்சி அழிக்கணும்?"

"மில் வீட்டுல அவிய பேரன் காதுகுத்துக்குத் தாத்தா கல்யாணத்த ஓட்டிக் காட்டுவாவ. இவனுவ என்னத்தக் கேட்டு வரப் போறானுவ? அழி அழி."

சரி என்றேன். சம்பளம் அவர் கையில்.

ஜூலை 19, சனி

வீட்டில் நான் வீடியோக்களைச் சேர்த்து வைக்கும் சர்வர், ஒரு ஆபீஸ் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர். டிஸ்க் மாட்ட நான்கே இடம். நான்கும் நிறைந்துவிட்டது. நட்சத்திரம் இல்லாததை எல்லாம் அழிக்கும் முன் இங்கே கொண்டுவர வேண்டுமென்றால் இன்னும் இரண்டு பெரிய டிஸ்க்.

வேண்டியவை: கூடுதல் டிஸ்க் மாட்டுகிற கார்டு. ஒயர். டிஸ்க் 2 (புதிது நினைக்கவே வேண்டாம்).

ஸ்டீபன் அண்ணனிடம் போனேன். கடைகளுக்கு சிசிடிவி மாட்டுகிறவர். கழற்றிய டிஸ்க்குகள் அட்டைப் பெட்டியில் வெங்காயம் மாதிரி கிடக்கின்றன.

"நாலு வருசம் நிக்காம ஓடுனது. சத்தம் வராத வரைக்கும் நல்லது."

"ரெண்டையும் சேத்து ஒண்ணாக் கட்டப் போறேன்ணே."

"லூசா நீ? ஒண்ணு படுத்தா ரெண்டுல உள்ளதும் போயிரும். ஒண்ணுல வச்சுக்கோ, இன்னொண்ணுல அதோட நகல் வச்சுக்கோ."

"அதுக்கு இடம் பத்தாதுண்ணே."

"அப்ப பாதிக் கல்யாணத்த விடு."

எந்தப் பாதியை? அதைத்தானே அண்ணாச்சியும் செய்கிறார். சேர்த்தே கட்டப் போகிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

கார்டு சரியாக உட்கார்ந்தது. டிஸ்க் இரண்டும் சுற்றின. அரை நிமிஷத்தில் காணோம். ஆறு டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்க அந்தப் பழைய பவர் சப்ளைக்குத் தெம்பில்லை.

ஸ்டீபன் அண்ணன் பரணிலிருந்து இன்னொரு பவர் சப்ளையை எடுத்துக் கொடுத்தார், சும்மாவே. பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் கொண்டை ஊசியால் இணைத்தால் அது தனியாக ஓடும். முதலில் அதைப் போட வேண்டும், பிறகு சர்வரை. ஓடுகிறது!

வாங்கி வந்த டிஸ்க்குகள் பெட்டிக்கு வெளியே தரையில். அதிராமல் இருக்க அடியில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைத்தேன்.

அம்மா பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். "என்னட்டி, வீட்டுக்குள்ள மில்லு ஓட்டுதியா? அங்க கேக்குற சத்தம் எனக்குப் பத்தாதா?"

ஜூலை 30, புதன்

ஆடிப்பூரத் தேர் முடிந்து ஊர் காலி. வாழைப்பழத்தோல் மட்டும் பாக்கி.

தினமும் சாயங்காலம் ஒரு ஸ்டுடியோ டிஸ்க் சாப்பாட்டுப் பையில் வீட்டுக்கு வருகிறது. நகல் எடுத்துக் காலையில் திரும்பப் போகிறது. போனதும் அண்ணாச்சி கண்முன்னே அழிக்கிறேன். அவருக்குத் திருப்தி.

வீடியோவில் வருகிற பத்திரிகையைப் பார்த்துப் பெயர்களை மாற்றி எழுதுகிறேன். காலனி 2 = காளிராஜ் – பேச்சியம்மாள். தாலி கட்டும்போது மாப்பிள்ளைக்கு முடிச்சே விழவில்லை. பெண் தலை குனிந்தபடியே சிரிக்கிறாள். அவனும். ஐயர் இல்லை, மைக்கில் யாரோ, "ஏலே காளி, மூடை கட்டுத மாதிரி கட்டுலே!"

இதை அழிக்கச் சொன்னவனுக்கு ஒருநாளாவது வயிறு வலிக்கட்டும்.

ஆக. 5, செவ்வாய்

இன்று ஸ்ரீவியில் பராமரிப்பு மின்தடை, ஒன்பது முதல் ஐந்து வரை. முன்பே தெரியும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று கடைசி டிஸ்க்கை நகலில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் லைன் ஒரே ஒரு பிளக்குக்குத்தான். அதில் சர்வர். இரண்டாவது பவர் சப்ளையை நான் மாட்டியிருந்தது மிக்சி பிளக்கில்.

ஒன்பது மணிக்கு சர்வர் உயிரோடு. அது எழுதிக்கொண்டிருந்த இரண்டு டிஸ்க்குகள் பிணம்.

ஐந்தேகாலுக்குக் கரண்ட் வந்து, ஒன்று சுற்றியது. மற்றது டிக், டிக். அவ்வளவுதான்.

ஆக. 6, புதன்

ஸ்டீபன் அண்ணன் டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். அன்னைக்கே சொன்னேன்ல என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மதுரையில் பிரித்து எடுத்துத் தருவார்களாம். அவர்கள் கேட்கிற தொகைக்கு எங்கள் தெருவில் ஒரு கல்யாணமே முடித்துவிடலாம்.

இன்னும் அழிக்காத கடைசி ஸ்டுடியோ டிஸ்க்கில் இருந்த நான்கு கல்யாணம் மட்டும் கையில். மற்ற பதினேழும் போச்சு. அண்ணாச்சியாவது நோட்டுப் போட்டு அழிக்கச் சொன்னார்.

ஆக. 9, சனி

மத்தியானம் ஒரு பெண். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது: பேச்சியம்மாள். காலனி 2. நெற்றியில் பொட்டில்லை.

"அவரோட பதினாறாம் நாளுக்குப் படம் மாட்டணும்க்கா. லாரி அடிச்சிருச்சு. போனும் அவரு சட்டைப் பையிலதான் இருந்துச்சு."

"வேற படம் எதுவும்?"

"ஆதார்ல இருக்கு. அதப் பாத்தா போலீஸ் தேடுத ஆளு மாதிரி இருக்காரு. நீங்க குடுத்த பென் டிரைவும் தொறக்க மாட்டேங்கு. கல்யாண வீடியோல இருந்து ஒண்ணு எடுத்துத் தாங்கக்கா."

அண்ணாச்சி குறுக்கே வந்தார். "மூணு வருசம் ஆச்சேம்மா. அம்புட்டு நாளு யாரு வச்சிருப்பா?" அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் மில் வீட்டுக் கல்யாணம், இருபது வருஷத்தது.

வேறு ஏதாவது கல்யாணத்துக்குக் காளிராஜ் போனதுண்டா என்று மட்டும் கேட்டேன்.

"விருந்தாளியா எங்க போக? முகூர்த்த நாள்ல மண்டபத்துல பந்தி பரிமாறப் போவாரு."

ஆக. 11, திங்கள்

நட்சத்திரக் கல்யாணங்களின் பந்திக் காட்சிகள், காலையிலிருந்து. கேமரா சாப்பிடுகிறவர்களைத்தான் பார்க்கிறது. பரிமாறுகிறவர்களுக்குக் கை மட்டும். கை, வாளி, கரண்டி, கை. இதில் பாதியை வெட்டி ஒட்டியவள் நான். அப்போது கண்ணில் பட்டதே இல்லை.

ஏழாவது கல்யாணம், ஜவுளிக்கடை வீடு. மூன்று வினாடி. சோற்று வாளியோடு குனிந்து நிமிர்கிறான் காளிராஜ்.

"அவிய வீடியோல இருந்தா எடுக்க? ஒரு வார்த்த கேக்கணும்லா?" அண்ணாச்சி.

"எதுக்கு? செத்தது அவியளா?"

"வாயி கூடிப்போச்சு உனக்கு."

யாரிடமும் கேட்கவில்லை. வாளி தெரியாமல் மார்புக்கு மேலே வெட்டினேன். பின்னால் இருந்த பட்டுப்புடவைகளை மங்கலாக்கினேன். பிரிண்ட் போட்டேன்.

ஆக. 12, செவ்வாய்

நாளைக்குப் பதினாறாம் நாள். பேச்சியம்மாள் வந்தாள். படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சிரிக்காரா?"

"இல்ல. யாருட்டயோ சோறு போடவான்னு கேக்காரு."

"அதான். இது வெளிய வச்சிருக்க மொகம்க்கா. வீட்டுல இப்படி இருக்க மாட்டாரு." துணிப்பைக்குள் வைத்தாள். "பரவால்ல. இதாவது கெடச்சுச்சே."

வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"எங்க கல்யாண வீடியோ எப்பக்கா அழிஞ்சுச்சு?"

அண்ணாச்சி சொன்ன மூன்று வருஷத்தையே சொல்லியிருக்கலாம்.

"போன செவ்வாக்கெழம" என்றேன்.

அவள் விரல் மடக்கி எண்ணினாள்.

"அன்னைக்கு அவருக்கு எட்டாம் நாளு" என்றாள்.